கம்பி தரும் அதிர்ச்சியும் கருவி தரும் அதிர்ச்சியும்

பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரமாக நின்றால் கிழக்கே இருங்காட்டுக்கோட்டை சிப்காட், மேற்கே ஸ்ரீபெரும்புதூர், தெற்கே சற்றுத் தள்ளி ஒரகடம். காரானாலும் கண்ணாடியானாலும் டயரானாலும், மூன்று ஷிப்டும் மின்சாரம் ஓடினால்தான் இங்கே எதுவும் உருவாகும். இந்த வட்டாரத்தில் ஓர் இதயம் மின்சாரத்தைச் சந்திக்க இரண்டு வழிகள் உண்டு. உறை கிழிந்த கேபிள், எர்த் விட்டுப்போன கை டிரில், ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு ஆகியவை வழியாக வரும் 230 வோல்ட் ஒன்று. ஆம்புலன்ஸிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ, மார்பில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியாக வரும் சுமார் 2,000 வோல்ட் மற்றொன்று. முன்னது, சீராக அடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைக் கீழறை நடுக்கத்தில் தள்ளுகிறது. பின்னது, நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை அதிலிருந்து மீட்கிறது. வசதிக்காக முதலாவதைக் கம்பி அதிர்ச்சி என்றும் இரண்டாவதைக் கருவி அதிர்ச்சி என்றும் அழைப்போம்.

ஒன்றைக் கொல்லும் மின்சாரம், மற்றதைக் காக்கும் மின்சாரம் என்று பிரித்து வைப்பதுதான் நம் வழக்கம். வெளியிலிருந்து பார்க்கையில் அது சரியே. ஆனால் சைனஸ் கணு முதல் பர்கின்ஜி இழைகள் வரை நீளும் இதயத்தின் மின்கடத்து மண்டலத்தின் பக்கம் நின்று பார்த்தால், இரண்டும் ஒரே திசுவில் ஒரே வகையான வேலையைச் செய்கின்றன. எவ்வளவு பரப்பில், எந்தக் கணத்தில் என்பதில்தான் பிரிகின்றன.

முதலில் அளவுகளை எடைபோடுவோம். இங்கேயே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. வியர்த்த கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் அப்போது 0.23 ஆம்பியர், மின்திறன் 53 வாட். பழைய 60 வாட் குண்டு பல்புக்குத் தேவையானதைவிடக் குறைவு. ஒரு நொடி நீடித்தால் 53 ஜூல். கருவியோ 200 ஜூலை ஏறத்தாழ நொடியின் நூறில் ஒரு பங்கில் கொட்டித் தீர்க்கிறது. சராசரித் திறன் 20,000 வாட், உச்சத்தில் மின்னோட்டம் 20 ஆம்பியரைத் தாண்டக்கூடும். கொல்வது சிறியது, காப்பது பெரியது. விஷத்துக்கும் மருந்துக்கும் நாம் பழகிய கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது: இதயத்தைப் பொறுத்தவரை அளவுக்குக் குறைந்த மின்சாரம்தான் நஞ்சு.

பாதையும் கவனிக்கத் தக்கது. கம்பி அதிர்ச்சி உடலுக்குள் நுழையும் இடத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இடது கையில் நுழைந்து காலில் வெளியேறும் மின்னோட்டத்தின் இதயப் பங்கை 1 என்று வைத்தால், கைக்குக் கை செல்வதற்கு 0.4, மார்பிலிருந்து இடது கைக்குச் செல்வதற்கு 1.5 என்று பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் அளவு வகுத்திருக்கிறது. கருவி அதிர்ச்சியின் பாதையோ திட்டமிட்டது: வலது காறையெலும்புக்குக் கீழே ஒரு பட்டை, இடது அக்குளுக்குக் கீழே மற்றொன்று, நடுவில் இதயம். அப்படிக் குறிபார்த்து அனுப்பினாலும் மார்பைக் கடக்கும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ 4 சதவீதமே இதயத்தின் வழியே போகிறது என்று 1990இல் லெர்மன், டீல் இருவரும் மனிதர்களிடம் அளந்து கண்டனர். மிச்சமெல்லாம் மார்புச் சுவர் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் ஒதுங்கிப் போய்விடுகிறது. இதயத்தைச் சுற்றிக்கொண்டு செல்ல மின்சாரத்துக்கு எப்போதும் வேறு வழிகள் இருக்கின்றன. எனவே இரண்டு அதிர்ச்சிகளும் தங்கள் சிறு துளியால்தான் இதயத்தைத் தொடுகின்றன.

கார் ஆலையின் பாடி ஷாப்பில் ஸ்பாட் வெல்டிங் முனைகளுக்கிடையே பல ஆயிரம் ஆம்பியர் ஓடுகிறது. ஆனால் அங்கே இருப்பது சில வோல்ட் மட்டுமே என்பதால் தோலைத் தாண்டி மனிதனுக்குள் அது நுழைய முடியாது. அதே ஷெட்டின் மூலையில் சுழலும் பெடஸ்டல் ஃபேன், எர்த் இல்லாமல் இருந்தால், அந்த ராட்சத வெல்டிங் துப்பாக்கியைவிட இதயத்துக்கு ஆபத்தானது. எத்தனை ஆம்பியர் எங்கோ ஓடுகிறது என்பது முக்கியமே இல்லை. எத்தனை மில்லி ஆம்பியர் கீழறைகளைக் கடக்கிறது என்பதே எல்லாம்.

இனி நேரம். ஓர் இதயத்துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 நொடி. அதில் இ.சி.ஜி.யின் டி அலை உயரும் தருணத்தைச் சுற்றி, துடிப்பின் பத்து முதல் இருபது சதவீதம் வரையான ஒரு நலிந்த இடைவெளி இருக்கிறது. அப்போது கீழறைத் தசையின் சில பகுதிகள் அடுத்த தூண்டலுக்குத் தயாராகியிருக்கும். சில பகுதிகள் இன்னும் தூண்டலை ஏற்காத மறுப்புக் காலத்தில் இருக்கும். 1936இல் ஃபெர்ரிஸும் அவருடைய சகாக்களும் செம்மறியாடு உள்ளிட்ட விலங்குகளில் ஆராய்ந்தபோது, நொடியின் சிறு பகுதியே நீடிக்கும் அதிர்ச்சியும் இந்த இடைவெளியில் விழுந்தால் நடுக்கத்தை உண்டாக்கும் என்று கண்டனர்.

கம்பி அதிர்ச்சிக்கு இந்த இடைவெளியைத் தேட வேண்டிய அவசியமில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு அரை அலைகளை அனுப்புகிறது. ஒரு நொடி ஒட்டிக்கொண்டால் அவற்றில் ஏறத்தாழப் பத்து டி அலையின் மேல் விழுந்தே தீரும். சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் கைத்தசைகள் இறுகிக்கொள்வதால் பிடித்ததை விடவும் முடியாது. அதைவிடக் கெடுதல் இன்னொன்று: முதல் சில அலைகள் வேளை தவறிய துடிப்புகளைக் கிளப்பி, திசுவின் சீரின்மையைக் கூட்டிவிடுகின்றன. அதனால் நொடியின் பத்தில் ஒரு பங்கு மட்டும் நீடிக்கும் அதிர்ச்சிக்கு 500 மில்லி ஆம்பியர் அளவில் தொடங்கும் அபாயம், ஒரு துடிப்பைத் தாண்டி நீண்டால் 40, 50 மில்லி ஆம்பியருக்கே வந்துவிடுகிறது. இதயத்தைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டு பிறகு வீழ்த்துகிறது கம்பி.

கருவியின் அதிர்ச்சியோ ஒரே ஒரு அலை. இன்று நடைமுறையில் உள்ள இருமுக அலை முதலில் ஒரு திசையிலும் உடனே எதிர்த்திசையிலும் பாய்ந்து, 10 முதல் 20 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இப்போது இரண்டையும் அருகருகே வரைந்து பாருங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் ஒரு முழு அலைக்கு 20 மில்லி நொடி. அதுவும் ஒரு திசையில் எழுந்து மறுதிசையில் இறங்குகிறது. அதன் உச்சம் 325 வோல்ட். கருவியின் உச்சம் ஏறத்தாழ ஆறு மடங்கு. வளைவின் வடிவம் வேறு என்பது உண்மை: கம்பியுடையது வழவழப்பாக ஏறி இறங்கும், கருவியுடையது சட்டென்று எழுந்து தேய்ந்து நடுவில் புரண்டு அறுந்துவிடும். ஆனாலும், மின்சாரத்தின் ஓர் அலையை மட்டும் வெட்டியெடுத்து ஆறு மடங்கு உயர்த்தினால் கருவி அதிர்ச்சியின் உறவுக்காரன் கண்முன் நிற்பான்.

இந்த உறவு தோற்றத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இந்த ஒப்பீட்டின் மையம். கரும்பு வெட்டிய வயலில் சோகை கொளுத்துபவருக்கு இது எளிதில் விளங்கும். ஓர் ஓரத்தில் விழுந்த பொறி, எரிந்த இடத்தை விட்டு எரியாத இடத்தைத் தேடி வளைந்து பரவும். வயல் முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிட்டால் பரவ இடமின்றித் தீ அணைந்துவிடும். இதயத்தில் ஒரே வித்தியாசம், நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் சோகை மறுபடியும் முளைத்துவிடுகிறது. அதனால் ஒருமுறை வளைந்த தீ, தன் பின்புறத்தையே துரத்திச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் என்பது இத்தகைய சுழல் அலைகளின் கூட்டம். கம்பி அதிர்ச்சி, மீண்டு தயாரான செல்களை மட்டும் தூண்டி, தயாராகாதவற்றை விட்டுவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் அலை உடைந்து சுழலத் தொடங்குகிறது. கருவி அதிர்ச்சி, ஒவ்வொரு செல்லும் எந்த நிலையில் இருந்தாலும் பொருட்படுத்தாமல் அனைத்தையும் பற்றுகிறது. ஓய்ந்திருந்தவற்றைத் தூண்டுகிறது, ஏற்கெனவே தூண்டப்பட்டவற்றின் மறுப்புக் காலத்தை நீட்டிவிடுகிறது. அதற்குக் கீழறைகளின் மிக எட்டிய மூலையிலும் சென்டிமீட்டருக்குச் சுமார் 5 வோல்ட் மின்புலம் வேண்டும். விளிம்பே இல்லாதபோது சுழல எதுவும் இல்லை.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. நல்ல இதயத்தின் டி அலையின் மேல் அதிர்ச்சியை விழ வைத்து, அதன் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நடுக்கம் வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வராது. நலிவின் மேல் எல்லை என்று அழைக்கப்படும் இந்த வலிமை, நடுங்கும் இதயத்தை மீட்பதற்குத் தேவையான வலிமைக்கு மிக அருகில் இருக்கிறது என்று 1986இல் பெங்-ஷெங் சென், ரேமண்ட் ஐடெக்கர் ஆகியோரின் குழு காட்டியது. இரண்டும் ஒரே மதிலின் இரு பக்கங்கள் என்பது இதன் பொருள். மதிலுக்கு இந்தப் பக்கம் விழும் அதிர்ச்சி நடுக்கத்தை உண்டாக்கக்கூடும்; அந்தப் பக்கம் விழுவது உண்டாக்கவும் முடியாது, இருப்பதை விட்டுவைக்கவும் செய்யாது.

ஆகவே தோற்றுப்போன கருவி அதிர்ச்சியை நாம் புரிந்துகொள்ளும் விதமே மாறுகிறது. போதாத அதிர்ச்சி நடுக்கத்தைத் தொடவே இல்லை என்று நினைப்பது இயல்பு. சோதனைகளில் தென்படுவது வேறு. மீட்பு எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள அதிர்ச்சி, பழைய சுழல்கள் அனைத்தையும் நிறுத்திவிடுகிறது. கண நேரம் அமைதி நிலவுகிறது. பிறகு மின்புலம் மெலிந்திருந்த பகுதியிலிருந்து புதிய அலை கிளம்பிப் புதிய நடுக்கமாகிறது. அதாவது கருவி தன் வேலையை முடித்து, அடுத்த கணமே கம்பியின் வேலையைச் செய்துவிட்டது. இருமுக அலைக்குக் குறைந்த ஆற்றலே போதுமாக இருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எந்த அதிர்ச்சியும் இதயத்தின் சில திட்டுகளை நேர்மின் நிலைக்கும் பக்கத்துத் திட்டுகளை எதிர்மின் நிலைக்கும் தள்ளுகிறது; இவற்றை மெய்நிகர் மின்முனைகள் என்பர். அலையின் இரண்டாம் பாதி, முதல் பாதி விட்டுச்சென்ற இந்த மேடுபள்ளங்களை நிரவிவிடுகிறது.

இதுவரை பேசியது பெரும்பாலும் தசையைப் பற்றி. மின்கடத்து மண்டலம் இந்த இரண்டு அதிர்ச்சிகளையும் எப்படித் தாங்குகிறது?

கம்பி அதிர்ச்சியில் கீழறைகள் நடுங்கத் தொடங்கிய பிறகும் முதலில் சிறிது நேரம் சைனஸ் கணு தன் பாட்டுக்கு இயங்கி மேலறைகளைத் துடிக்க வைக்கக்கூடும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏ.வி. கணுவில் மின்துடிப்பு நொடிக்கு வெறும் 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்வதால், கீழே நடக்கும் கலவரத்தின் பெரும்பகுதி மேலே ஏறுவதில்லை. மேலிருந்து வரும் ஒழுங்கான தாளமும் கீழே எடுபடுவதில்லை. பர்கின்ஜி இழைகளின் நிலை நேரெதிர். நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் கடத்துபவை அவை. கீழறைகளை ஒரே நேரத்தில் சுருங்க வைப்பதற்காகவே அமைந்தவை. நடுக்கத்தில் அந்த வேகமே பாதகமாகிறது. 1986இல் டமியானோவும் சகாக்களும் நாயின் இதயத்தின் உட்பரப்பில் லூகால் அயோடின் கரைசலைத் தடவி அங்கிருந்த பர்கின்ஜி இழைகளைச் செயலிழக்கச் செய்தபோது, நடுக்கத்தை உண்டாக்கத் தேவையான மின்னோட்டம் உயர்ந்தது. ஒழுங்கைப் பரப்பும் வலைப்பின்னல்தான் ஒழுங்கின்மையையும் தாங்கிப்பிடிக்கிறது. சில நிமிடங்கள் நீண்ட நடுக்கத்தில் நாயின் இதயத்தில் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக இயங்குவதும், பன்றியில் அப்படி இல்லாததும் இதோடு பொருந்துகிறது. நாய்க்குப் பர்கின்ஜி இழைகள் உட்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. பன்றிக்குச் சுவரின் தடிமன் முழுவதும் ஊடுருவியிருக்கின்றன. நம் இதயம் இந்த விஷயத்தில் நாயின் பக்கம்.

கருவி அதிர்ச்சிக்குப் பின் நடப்பது பலருக்கும் எதிர்பாராதது. திரைப்படத்தில் உடல் துள்ளியதும் திரையில் துடிப்பு ஓடத் தொடங்கும். உண்மையில் வெற்றிகரமான அதிர்ச்சிக்குப் பின் முதலில் வருவது வெறுமை. அதிர்ச்சி கொடுத்து 5 நொடி கழித்து நடுக்கம் இல்லையென்றாலே அது வெற்றி என்பதுதான் மருத்துவ வரையறை. கோடு தட்டையாக இருந்தாலும் சரி. கருவி இதயத்தை ஓட்டுவதில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, மின்கடத்து மண்டலத்துக்கு மறுபடி தொடங்க ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதும் எளிதல்ல. நிமிடக் கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்திருக்கின்றன கணுக்கள். வேகமான தூண்டலுக்கு ஆளான செல்கள் தாமாகத் துடிக்கும் திறனைச் சற்று நேரம் இழந்திருக்கின்றன. வலிய மின்புலம் சில செல்களின் சவ்வில் நுண்துளைகளையும் விட்டுச் செல்கிறது. அதனால் முதல் துடிப்பு பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை. நிமிடத்துக்கு 20 முதல் 40 வரை துடிக்கவல்ல பர்கின்ஜி இழைகளிலிருந்தோ, 40 முதல் 60 வரை துடிக்கவல்ல ஏ.வி. சந்திப்பிலிருந்தோ வரலாம். சைனஸ் கணு தன் தலைமையைப் பிறகே மீட்கிறது. உடலுக்குள் பொருத்தும் அதிர்ச்சிக் கருவிகளான ஐ.சி.டி.களில் அதிர்ச்சிக்குப் பின் சிறிது நேரம் இதயத்தைத் தாளத்தில் தூண்டும் (பேசிங்) வசதி வைத்திருப்பது இந்தத் தாமதத்துக்காகத்தான். அதிர்ச்சி கொடுத்தவுடன் நாடியைத் தேடாமல், உடனே இரண்டு நிமிடம் மார்பை அழுத்துங்கள் என்று வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதனால்தான்.

நடுக்கத்தைத் தாங்கிப்பிடித்த பர்கின்ஜி இழையே நடுக்கம் நின்றபின் முதல் துடிப்பையும் தரக்கூடும் என்பது எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த இடம்.

வரலாற்றில் இந்த இரண்டும் பிறந்த வீடும் ஒன்றே. 1899இல் ஜெனீவாவில் ழான்-லூயி ப்ரெவோ, ஃப்ரெடெரிக் பத்தெல்லி இருவரும் மின்சாரம் எப்படிக் கொல்கிறது என்பதை நாய்களில் ஆராய்ந்தார்கள். மெலிந்த மின்னோட்டம் நடுக்கத்தை உண்டாக்குகிறது என்று கண்டார்கள். வலிய மின்னோட்டம் அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். இரண்டாவது கண்டுபிடிப்பை அவர்களும் உலகமும் பல ஆண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தெல்லியுடன் ஜெனீவாவில் பணியாற்றிய லினா ஷ்டெர்ன் 1925இல் மாஸ்கோ சென்றார். அங்கே அவருடைய ஆய்வகத்தில்தான் நௌம் குர்விச், மின்தேக்கியிலிருந்து ஒரே ஒரு துடிப்பை வெளியேற்றி இதயத்தை மீட்கும் முறையை 1930களின் இறுதியில் உருவாக்கினார். ஒரு கிளை இது.

மற்றொரு கிளை நம் தொழிற்சாலைப் பகுதிக்கு மனத்தளவில் இன்னும் நெருங்கியது. 1920களில் அமெரிக்க நகரங்களில் மின்கம்பம் ஏறிய லைன்மேன்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணத்தைக் கண்டறிய மின்துறை முன்வந்ததால், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், மருத்துவர்களான ஹூக்கர், லாங்வொர்த்தி ஆகியோருடன் சேர்ந்தார். கம்பி அதிர்ச்சியை ஆராயப் போனவர்கள் 1933இல் கருவி அதிர்ச்சியோடு திரும்பினார்கள். அதே ஆய்வகத்தில் 1958இல் கய் நிக்கர்பாக்கர் என்பவர், நாயின் மார்பில் கனமான மின்முனைகளை அழுத்தும்போதே இரத்த அழுத்தம் எழுவதைக் கவனித்தார். 1960இல் அது மார்பு அழுத்தும் முதலுதவியாக வெளிவந்தது. இன்று நாம் சி.பி.ஆர்.இல் கற்றுத்தரும் மார்பு அழுத்தம் லைன்மேன்களின் மரணத்திலிருந்து பிறந்தது. இறந்த அந்தத் தொழிலாளர்களை யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

முதல் கருவிகள் எப்படி இருந்தன என்று பார்த்தால் கோடு இன்னும் மங்குகிறது. 1947இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் 14 வயதுச் சிறுவன் ஒருவனின் திறந்த இதயத்தை மீட்டதும், 1956இல் பாஸ்டனில் பால் ஸோல் மார்பைத் திறக்காமலே மீட்டதை வெளியிட்டதும் மாறுதிசை மின்சாரத்தால்தான். அமெரிக்கச் சுவர் பிளக்கில் வரும் அதே 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வழியாக, நொடியின் சிறு பகுதிக்கு. அக்காலத்தில் கருவி என்பது கட்டுக்குள் வைத்த கம்பியே. ஆனால் அந்தச் சிறு பகுதிக்குள்ளும் பல அலைகள் அடங்கியிருந்ததால் அது இதயத்தைக் காயப்படுத்தியது. மேலறைச் சிக்கலுக்குப் பயன்படுத்தியபோது கீழறையை நடுங்க வைத்தது. 1962இல் பெர்னார்ட் லௌன் நேர்திசை மின்துடிப்பை முன்வைத்தார். டி அலையைத் தவிர்த்து ஆர் அலையோடு இணைத்து அதிர்ச்சி தரும் வழியையும் சேர்த்துக் கொடுத்தார். கம்பியின் ஆபத்தைத் துல்லியமாகப் புரிந்துகொண்ட பிறகே கருவி கம்பியிலிருந்து பிரிந்தது.

பிரிந்த இருவரும் இன்றும் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: இதய மின்னியல் ஆய்வுக்கூடம். ஐ.சி.டி. பொருத்திய பின் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால், நோயாளியை மயக்கத்தில் வைத்து மருத்துவரே நடுக்கத்தை உண்டாக்குகிறார். அதற்குரிய வழிகளில் ஒன்று, இதயத்துக்குள் உள்ள கம்பி வழியாகச் செலுத்தும் 50 ஹெர்ட்ஸ் துடிப்புத் தொடர். மற்றொன்று, டி அலையின் மேல் விழும் ஒரு ஜூல் அளவிலான சிறு அதிர்ச்சி. சில நொடிகளில் ஐ.சி.டி. தன் 30, 40 ஜூலால் அதை நிறுத்துகிறது. 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்றுக்குப் பின் இந்தச் சோதனை எல்லோருக்கும் கட்டாயமில்லை என்ற நிலை வந்துவிட்டது என்றாலும், இரு அதிர்ச்சிகளும் ஒரே கம்பி வழியாக, ஒரே நிமிடத்தில், ஒரே இதயத்துக்குள் இறங்கும் காட்சி வேறெங்கும் இல்லை. இன்னொரு விசித்திரமும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எர்த் சரியில்லாத மின்சாதனத்தை ஐ.சி.டி. உள்ளவர் தொட்டால், அவரால் உணரவே முடியாத சிறு கசிவையும் அந்தக் கருவி உணர்ந்து, 50 ஹெர்ட்ஸ் அலையைக் கீழறை நடுக்கம் என்று தவறாகப் படித்து அதிர்ச்சி கொடுத்துவிடுகிறது. கருவிக்கே உறவினரை அடையாளம் காண்பது கடினமாக இருக்கிறது. ஐ.சி.டி. பொருத்திக்கொண்டு வெல்டிங் பிரிவுக்குத் திரும்ப விரும்பும் தொழிலாளி, மருத்துவரிடம் கேட்காமல் திரும்பக் கூடாது.

உயரழுத்தக் கம்பியையும் இடியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 11,000 வோல்ட்டிலும் மின்னலிலும் நடுக்கத்தைவிட இதயம் ஒரேயடியாக நின்றுபோவதே அதிகம் நேர்கிறது. கருவி செய்வதைப் போல எல்லாச் செல்களையும் அவை ஒருசேரப் பற்றிவிடுகின்றன. சிலருக்குச் சைனஸ் கணு தானாகவே மீண்டு துடிக்கவும் தொடங்கும். மூச்சு மீளாமல், அதனால் இரண்டாம் முறை இதயம் நிற்பதே அங்கே உயிரைக் குடிப்பது. தீக்காயமும் உறுப்பிழப்பும் தனிக்கதை.

உறவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வேற்றுமையையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். கம்பி எந்த இதயத்தையும் கேள்வி கேட்பதில்லை. யாரும் இயக்கக்கூடிய தானியங்கி அதிர்ச்சிக் கருவியான ஏ.இ.டி. இ.சி.ஜி.யைப் படித்து, நடுக்கமோ மிகை வேகத் துடிப்போ இருந்தால் மட்டுமே அதிர்ச்சி தருகிறது. கம்பிக்கு ஒரு நொடி போதும். கருவிக்கு நிமிடங்கள்தான் எதிரி. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் கொண்டுபோகிறது. யாராவது மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இழப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 2018 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் 12,000க்கு மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் பலரைத் தொட்டது வீட்டுக்கும் பட்டறைக்கும் வரும் சாதாரண மின்சாரம்.

அந்த மின்சாரத்தைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இதே குடும்பம்தான். 1961இல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் டால்ஸீல் கசிவு துண்டிப்பானை வடிவமைத்தது இதயம் தாங்கும் அளவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிறகு. நம் பேனல்களில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் என்ற எண் நடுக்கத்தின் வாசலுக்குச் சற்றுக் கீழே குறித்த கோடு. கசிவு 150 மில்லி ஆம்பியரை எட்டினால் 40 மில்லி நொடிக்குள், அதாவது வீட்டு மின்சாரத்தின் இரண்டே அலைகளுக்குள், ஒரு துடிப்பு முடிவதற்கு வெகுமுன்பே, அது துண்டித்துவிட வேண்டும். ஆர்.சி.சி.பி. கம்பி அதிர்ச்சியை முளையிலேயே அறுக்கிறது, ஏ.இ.டி. முளைத்த பிறகு அறுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கி வைத்து நிறைவடைவது அறிவியலுக்குப் பொருந்தாது என்பது என் துணிபு.

எனவே இந்த நெடுஞ்சாலையோர ஆலைகளின் பாதுகாப்பு அலுவலர்களிடமும், பெரிய ஆலைகளின் நிழலில் நடக்கும் சிறு பட்டறை உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்வது இது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஏ.இ.டி.யை மேலாளர் அறைப் பூட்டுக்குள் வைக்காமல் ஷாப் ஃப்ளோரில், ஓடிச் சென்று மூன்று நிமிடத்துக்குள் திரும்பும் தூரத்தில் வையுங்கள். பேட்டரிக்கும் ஒட்டுப்பட்டைக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஒவ்வொரு ஷிப்டிலும் சிலருக்காவது, இந்திய மயக்க மருத்துவ வல்லுநர்கள் 2017இல் பொதுமக்களுக்காக வகுத்த, அழுத்தம் மட்டுமே கொண்ட முதலுதவியைக் கற்றுக்கொடுங்கள். மின்சாரம் தாக்கிய இடத்தில் செய்ய வேண்டியவை இவை: முதலில் மெயினை அணைப்பது, 108ஐ அழைப்பது, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவது, ஏ.இ.டி. வந்ததும் அது சொல்வதைக் கேட்பது.